மாறுகண் அதிர்ஷ்டமல்ல

“மாறுகண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம்” என்ற பேச்சை நெய்வேலி மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் நம் கடை வாசல்களில் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையான பேச்சுதான். ஆனால் அதை நம்பி நான்கைந்து வருடங்களைக் கடத்தினால், பிள்ளைக்கு ஒரு கண்ணின் பார்வையே குன்றிப்போகலாம். எனவே வணிக அன்பர்களுக்காக இவ்விவரங்களைத் தருகிறோம்.

மாறுகண் என்பது என்ன?

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. இரு கண்களும் ஒரே பொருளை நோக்கினால்தான் மூளை இரண்டு படங்களையும் ஒன்றாக்கும். ஒரு கண் உள்ளேயோ வெளியேயோ, மேலோ கீழோ விலகுவதே மாறுகண். பெரியவர்களுக்கு இது புதிதாக வந்தால் எல்லாம் இரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளையோ விலகிய கண்ணின் படத்தை, ஓடாத சரக்கை மூலையில் போடுவது போல, ஒதுக்கிவிடும். நாளடைவில் அக்கண்ணின் பார்வை வளராமலே நின்றுவிடும். இதையே ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள்.

எப்போது காட்ட வேண்டும்?

பிறந்து 3, 4 மாதம் வரை கண் சற்று அலைவது இயல்பு. அதன் பிறகும் விலகினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூக்குத்தண்டு அகலமான சில குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் மட்டும் இருக்கும். அதையும் டாக்டரே தீர்மானிக்கட்டும். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருக்கும் குழந்தை, மற்றதை மூடும்போது அழுது கையைத் தட்டிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு எனச் சந்தேகிக்கலாம். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண் புற்றுநோயாகவும் இருக்கலாம்; ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சிகிச்சை

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பிளஸ் பவர் கண்ணாடி போட்டதுமே கண் நேராகும் பிள்ளைகள் உண்டு. சோம்பேறிக் கண் இருந்தால், நல்ல கண்ணைத் தினமும் டாக்டர் சொல்லும் நேரத்துக்கு ஒட்டி மூடி, மற்றக் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். 7 வயதுக்குள் இதற்குப் பலன் அதிகம். அதன் பின்னும் சிலருக்குப் பலன் உண்டு. ஆபரேஷனில் கண் தசையைத் தளர்த்தவோ இறுக்கவோ செய்வார்கள். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்பது வீண் புரளி. ஆபரேஷன் கண்ணை நேராக்கும். பார்வை வளரக் கண்ணாடியும் ஒட்டும் தொடர வேண்டியிருக்கும்.

பெரியவர்கள் கவனத்துக்கு

சிறு வயது மாறுகண்ணைப் பெரியவர்களான பிறகும் ஆபரேஷனால் நேராக்கலாம். கல்யாணப் பேச்சு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் பேரேட்டின் வரிகள் திடீரென இரண்டிரண்டாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். கல்லாவில் உட்கார்ந்தே பொழுது கழிக்கும் நம்மில் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலர். அவற்றால் கண் நரம்பு செயலிழக்கலாம். நோயைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் குணமாகும். தைராய்டு, மூளைக் கோளாறுகளாலும் இது வரலாம். கூடவே இமை தொங்குதல், கடும் தலைவலி, வாய் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

என்.எல்.சி. ஊழியர் குடும்பங்களுக்கு நிறுவன மருத்துவமனை உண்டு. கடைக்காரர்களான நாம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குச் செல்லலாம். புதுச்சேரியில் ஜிப்மரும், 2003 முதல் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. கடலூர் வழியாகப் போனால் தவளக்குப்பம் ஊருக்கு முன்பே வந்துவிடும்.

தராசுக்குத் தவணை தவறாமல் முத்திரை வைக்கிறோம். பள்ளியில் சேர்க்குமுன் பிள்ளையின் கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுவோம். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடிக்கலாம். போன பார்வையைப் பிடிப்பது கடினம்.