கம்பு எத்தனை அடி? பிள்ளையின் நெற்றி சொல்லும்!

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்கள் பல்லாயிரம் பேர். அதே வட்டாரத்தில் உள்ள தளவானூரைப் பார்த்தவர்கள் சிலரே. சின்னஞ்சிறு கிராமம். அருகே ஒரு குன்று. குன்றைக் குடைந்து ஒரு கோயில். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்தது. அந்த மன்னனுக்குச் 'சத்துருமல்லன்' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. அதை வைத்தே கோயிலுக்குப் பெயர் ஏற்பட்டது.

கோயிலில் வாயிற்காவலர் சிலைகள் இருக்கின்றன. கல்லில் மனித உருவம் செதுக்குவது லேசான காரியமா? கை நீண்டு விட்டால் அழகு கெடும். கால் குறுகி விட்டால் சிரிப்பு வரும். அளவு தவறாமல் இருப்பது எப்படி?

நம் நாட்டுச் சிற்ப நூல்கள் இதற்கு ஒரு வழி சொல்லுகின்றன. அந்தச் சிலையின் முகத்தையே அளவுகோலாக வைத்துக் கொள்! ஒரு முக நீளம் ஒரு தாலம். உடம்பு இத்தனை தாலம், கால் இத்தனை தாலம் என்று கணக்கு. பெரிய சிலைக்குப் பெரிய தாலம். சிறிய சிலைக்குச் சிறிய தாலம். அளவுகோல் வெளியில் இல்லை. உடம்பிலேயே இருக்கிறது!

கல்லுக்கு உள்ள இந்த நியாயம் கம்புக்கும் உண்டு. எந்தக் கம்பு? சிலம்பக் கம்பு!

"வளர்கிற பிள்ளைதானே!"

சிலம்பக் கூடம் உள்ள எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது:

"வாத்தியாரே! பையனுக்கு அஞ்சடிக் கம்பு வாங்கி வந்திருக்கேன்."

"பையன் நாலடிதானே இருக்கான், அண்ணே?"

"வளர்கிற பிள்ளைதானே! சட்டையைக் கூடக் கொஞ்சம் பெரிசாத்தான் தைக்கிறோம். ரெண்டு வருஷத்துக்கு வருமே!"

"சட்டை பெரிசானா கையை மடிச்சு விடலாம். கம்பை மடிக்க முடியுமா?"

தகப்பனார் கஞ்சர் அல்ல. பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார். ஆனால் நடப்பது என்ன?

நாலடிப் பையனுக்கு இடுப்பு ஏறக்குறைய இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கும். ஐந்தடிக் கம்பை நடுவில் பிடித்தால், கைக்குக் கீழே இரண்டரை அடி தொங்கும். இடுப்புப் பக்கம் சுற்றினால் நுனி தரையில் இடிக்கும். இடித்த கம்பு எகிறும். முழங்காலில் படலாம், முகத்திலும் படலாம். தரையில் இடிக்காமல் இருக்கப் பையன் தோளைத் தூக்கிக் கொண்டு சுற்றுவான். சிறிது நேரத்தில் தோள் வலிக்கும். மணிக்கட்டு வலிக்கும். "எனக்குச் சிலம்பம் வராது" என்று மூலையில் உட்கார்ந்து விடுவான்.

வராதது சிலம்பம் அல்ல. பொருந்தாதது கம்பு!

ஓரடியில் இத்தனை வித்தியாசமா?

"ஓரடிதானே கூடுதல்?" என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம்.

ஒரே மரம், ஒரே பருமன். கம்பு 4 அடியிலிருந்து 5 அடி ஆனால் எடை கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் சுழற்றும்போது கதை வேறு. நுனி கையை விட்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்கு அது கையை இழுக்கும். நடுவில் பிடித்து, அதே வேகத்தில் சுற்றுவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரயாசை வேண்டும். சுற்றுகிற கம்பை நிறுத்துவதற்கும் அப்படியே! பெரியவர்கள் சமாளித்து விடுவார்கள். பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு என்ன செய்யும்?

அதற்காக மிகவும் குட்டையாகவும் இருக்கக் கூடாது. கம்பு குட்டையானால் எதிரி எட்ட மாட்டான். அவனை எட்டுவதற்காக முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் நிலை தளரும். நிலை தளர்ந்தால் அடி வாங்க வேண்டியதுதான்.

அளப்பது எப்படி?

அடிக்கோல் வேண்டாம். பிள்ளையை வெறுங்காலுடன் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கம்பைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் நுனி நெற்றிக்கு வந்தால் சரியான கம்பு. சில ஆசான்கள் புருவம் வரை போதும் என்பார்கள். ஆசானுக்கு ஆசான் சில விரற்கடை வித்தியாசம் இருக்கும். தலைக்கு மேல் ஓரடி நிற்கிற கம்பை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பருமன். பிள்ளை கம்பைப் பிடிக்கும்போது கட்டை விரல் நுனி மற்ற விரல்களைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிடி நழுவும்.

மூன்றாவது சமநிலை. கம்பை ஒரு விரல்மேல் படுக்க வையுங்கள். ஏறக்குறைய நடுவில் நின்றால் நல்லது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம்.

இவ்வளவும் நெடுங்கம்புக்குச் சொன்னது. செடிக்குச்சி என்னும் குறுந்தடிக்கு அளவே வேறு. அதை ஆசான் சொல்லுவார்.

சீமை ஆட்டத்திலும் இதே பாடம்

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. கோல்ப் ஆட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தியாவுக்கு அது புதிதல்ல. 1829-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அதற்குச் சங்கம் ஏற்பட்டது. நம் கொடைக்கானலில் 1895-ல் தொடங்கினார்கள்.

அந்த ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளுவதற்கென்றே ஒரு கோல் உண்டு. அதற்குப் 'பட்டர்' என்று பெயர். கோயில் பட்டர் அல்ல, இது ஆட்டக் கோல்! 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கடையில் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம் வரை கிடைக்கும்.

அதையும் உடம்பை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இடுப்பிலிருந்து சற்றுக் குனிந்து, தோளைத் தளர்த்தி, இரண்டு கைகளையும் தொங்க விட வேண்டும். கண் பந்துக்கு நேர் மேலே அல்லது சற்று உட்புறமாக இருக்க வேண்டும். அந்த நிலையில் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கே கோலின் பிடி வர வேண்டும். கோல் நீண்டால் முழங்கை மடங்கி விடும். பந்து எட்டிப் போகும். குறைந்தால் முதுகு கூனும்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுப் பெண் அதிதி அசோக் நான்காவது இடத்துக்கு வந்தார். பதக்கம் நழுவியது எத்தனை அடி வித்தியாசத்தில் தெரியுமா? ஒரே ஒரு அடி! நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஒரு தட்டு! அவ்வளவு நுட்பமான ஆட்டத்தில் கோல் உடம்போடு பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

அண்ணன் கம்பு தங்கைக்கு

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டு விழாவில் சிலம்பத்தையும் செயல்விளக்க ஆட்டமாகச் சேர்த்தார்கள். பையன்களோடு பெண் பிள்ளைகளும் கம்பெடுக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளை வளர வளரப் புதுக் கம்பு வாங்க வேண்டுமா? வாங்கத்தான் வேண்டும். ஆனால் பழைய கம்பு வீணாவதில்லை. அண்ணனுக்குச் சிறுத்த கம்பு தங்கைக்குச் சரியாக இருக்கும். தங்கையும் வளர்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆகும். எண்ணெய் தடவி, வெயில் படாமல் வைத்தால் கம்பு பல காலம் உழைக்கும். வெடிப்பு விட்ட கம்பை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஐந்தடிக் கம்பை வாங்கி விட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். ஆசானிடம் கொடுத்தால் அளவுக்கு அறுத்துத் தருவார். "பணம் போட்டு வாங்கியதை அறுப்பதா?" என்று மனம் கேட்காது. ஆனால் பிள்ளையின் தோளை விடவா கம்பு பெரிது?

பிள்ளை நாளைக்கு வளர்வான். வளரட்டும். இன்றைக்கு அவன் கையில் இருக்க வேண்டியது இன்றைய கம்பு. அது எத்தனை அடி என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம். பிள்ளையின் நெற்றியைக் கேளுங்கள்!