கடலைக் களமும் எண்கோடும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மானாவாரி நிலக்கடலை பெரும்பாலும் வெயிலிலேயே உலர்த்தப்படுகிறது. இடையில் மழை குறுக்கிடுவதும் உண்டு. சேமிக்கும் காயின் ஈரம் பொதுவாக 8 சதவிகிதத்திற்கு மிகலாகாது. மிகுந்தால் பூஞ்சை படர்ந்து, கல்லீரலைக் கெடுக்கும் அப்லடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஏராளமாக மடிந்ததை ஆராய்ந்தபொழுது இந்நஞ்சு தெரியவந்தது. அவற்றின் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது.

ஈரத்தை ‘ஈ’ எனக் குறித்தால் விதி ஈ ≤ 8 என்னும் அசமன்பாடு ஆகிறது. சரியாக 8 ஆயினும் ஏற்புடையதே. ஆதலால் எண்கோட்டில் அவ்விடத்தில் நிரப்பிய வட்டம் இடவேண்டும். ‘எட்டுக்குக் குறைவாக’ என்றிருப்பின் வட்டம் வெறுமையாக நிற்கும்.

ஈரத்தை ஒருமுறை அளந்தறிந்தபின், காய் சிந்தாதவரை, தராசே போதும். 100 கிலோ காயில் 20 கிலோ நீர் எனக் கொள்க. எஞ்சிய 80 கிலோ உலர்பொருள். காய்ந்தபின் எடை ‘எ’ எனின், நீர் எ − 80. ஆகவே,

எ − 80 ≤ 0.08 எ
0.92 எ ≤ 80
எ ≤ 86.956…

இதனை மாணாக்கர் வழக்கம்போல் 87 ஆக்கிவிடுவர். 87 கிலோவில் நீர் 7 கிலோ, அதாவது ஏறத்தாழ 8.05 சதவிகிதம், எல்லை கடந்துவிட்டது! மேலெல்லையைக் கீழ்நோக்கியே திருத்தவேண்டும்: 86.9.

கோட்டை இடப்புறம் முடிவின்றி நீட்டுவதும் பிழையே. நீர் முழுதும் வற்றினாலும் 80 கிலோ எஞ்சும். எனவே களத்துக்குரிய படம் 80-இலிருந்து 86.9 வரையுள்ள சிறு துண்டு மட்டுமே.