மழையாகக் கிடைக்கும் சம்பளம்

மாசக் கடைசியில உங்க சம்பளத்தை மழையா கொடுத்தா வாங்கிக்குவீங்களா? ஆப்பிரிக்காவின் தென்பகுதியில இருக்கிற போட்ஸ்வானாவுக்குப் பாடம் நடத்தப் போற வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அப்படித்தான் கிடைக்குது! அந்த நாட்டுப் பணத்துக்குப் பேரே ‘புலா’. அங்கே பேசுற செட்ஸ்வானா மொழியில புலான்னா மழை. நாட்டுல பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். மழையை விடப் பெரிய செல்வம் அங்கே வேற என்ன இருக்கு? 1976-ல சொந்தமா பணம் வெளியிட்டப்போ, அந்தப் பேரையே வெச்சுட்டாங்க.

புதுசா போற வாத்தியார் முழிக்கிறது பள்ளிக்கூட விழாவிலதான். பேச்சு முடிஞ்சதும் கூட்டமே ‘புலா! புலா!’ன்னு முழங்கும். ‘என்னடா இது, எல்லாரும் பணம் கேக்குறாங்களே’ன்னு கை தானா சட்டைப்பைக்குப் போகும். பயப்பட வேண்டாம் சார், அது வாழ்த்து! மழை பொழியட்டும்னு அர்த்தம்.

சில்லறைக்கும் அழகான பேரு உண்டு: ‘தேபே’. அப்படின்னா கேடயம். ஆக, கடைக்குப் போய் மழையை நீட்டினா, மீதியாக் கைநிறையக் கேடயம் வாங்கிட்டு வரலாம்!