வலி இடம் மாறினால் ஓமத் தண்ணீர் போதாது

பெருங்காயப் பற்று

ஸ்கேனுக்கு ஜெல் தடவலாம் என்று சட்டையைத் தூக்கினால், தொப்புளைச் சுற்றிக் காய்ந்துபோன பெருங்காயப் பற்று. பையனுக்கு 12 வயது. வலி தொடங்கி 3 நாள். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்துச் சீழ் கட்டியிருந்தது. புனேயில் எனக்கு இது பழகிப்போன காட்சி. கட்கிப் பகுதித் தமிழர் வீடானாலும் பக்கத்து மராட்டியர் வீடானாலும் முதல் வைத்தியம் பெருங்காயமும் ஓமமும்தான். இங்கே ஓமத்துக்கு 'ஓவா' என்று பெயர்.

"கேஸ்தான் டாக்டர்!"

அப்பெண்டிக்ஸ் வலி பெரும்பாலும் தொப்புளருகே மந்தமாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போகும், வாந்தி வரும். இதற்கு 'கேஸ்' என்று தீர்ப்பு எழுதி, விளக்கெண்ணெயும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். வீங்கிய குடல்வாலோடு பேதிக்குக் கொடுத்தால் அது வெடிக்கும் ஆபத்துதான் கூடும். சுடுநீர்ப் பையும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் 2 வேளை போட்டால் நோய் போகாது, அறிகுறிதான் மழுங்கும். பரிந்துரைச் சீட்டே இல்லாமல் அதை எப்படித்தான் கொடுக்கிறார்களோ!

கொய்யா விதை விழுங்கியதால் வந்தது என்பார்கள். அது மிக அரிது. இறுகிய மலத் துணுக்கோ வீங்கிய நிணநீர்த் திசுவோ குடல்வாலின் வாயை அடைப்பதே வழக்கமான காரணம்.

"ராத்திரி வலி சட்டுனு நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சோம்." இதைக் கேட்டாலே எனக்குப் பகீரென்கிறது. வெடித்த குடல்வாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் அடங்கும். பிறகு வயிறு முழுக்க வலி பரவும்.

அமுக்கினால்தான் தெரியும்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியால் மெல்ல மெல்ல அமுக்கிக் குடல்வாலைப் பார்க்கும் முறையை 1986இல் நெதர்லாந்து மருத்துவர் பைலார்ட் விவரித்தார். நல்ல குடல்வால் அமுங்கும். அழற்சி வந்தது அமுங்காது, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். வலிக்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு இல்லை என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதுவே முதலில். கர்ப்பிணி என்றால், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி படிவம் நிரப்பியாக வேண்டும். எங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஸ்கேனில் குடல்வால் தென்படவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வாயுவும் கொழுப்பும் மறைத்துவிடும். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி.

கெஞ்சிக் கேட்கிறேன்

இந்த நோய் வராமல் தடுக்க நிச்சயமான வழி இல்லை. வெடிப்பதற்கு முன் வருவது உங்கள் கையில் இருக்கிறது. வலி இடம் மாறினால் எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் கூட்டி வாருங்கள். மழை, ஆட்டோ கிடைக்கவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று உட்காராதீர்கள். என்ன மாத்திரை கொடுத்தீர்களோ, அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன்.