கணக்கும் ஒரு சரக்கே! – கிளவுட் முறையும் நம் கடைகளும்



பில் போடும் சாப்ட்வேர் விற்க வருகிறவர்கள் எல்லோரும் இப்போது 'கிளவுட்' என்ற சொல்லைச் சொல்கிறார்கள். மேகம் என்று பெயர் இருப்பதால் நம் கணக்கு வானத்தில் மிதப்பதாக எண்ண வேண்டாம். வேறொருவர் கட்டடத்தில், வேறொருவர் கம்ப்யூட்டரில் நம் கணக்கு இருக்கும். நாம் இன்டர்நெட் வழியாக அதைப் பார்த்து, எழுதி, மாதத்துக்கோ வருடத்துக்கோ வாடகை கொடுக்கிறோம். அவ்வளவே.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. வத்தலையும் புளியையும் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறோம். கட்டடமும் இயந்திரமும் அவர்களுடையவை, சரக்கு நம்முடையது. ரசீதைக் காட்டி வேண்டியபோது எடுத்துக்கொள்கிறோம். கணக்கையும் அவ்வாறு வைப்பதே கிளவுட்.

இதைப் பெருந்தொழிலாக்கியவரும் ஒரு வியாபாரிதான். புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான் நிறுவனம், 2006-ஆம் ஆண்டு முதல் கம்ப்யூட்டர் வசதியைப் பிறருக்கு வாடகைக்கு விடலாயிற்று. 2015-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், 2016-இல் அமேசான் மும்பையிலும் இதற்கான நிலையங்களைத் திறந்தன.

என்ன பயன்?

கடை ஓரிடம், கிட்டங்கி ஓரிடம் என்று இருப்பவர்களுக்குப் பெரும் பயன் உண்டு. கிட்டங்கியில் பத்து மூட்டை துவரம் பருப்பு இறங்கிய உடனே கடையில் இருப்பு ஏறிவிடுகிறது. லைனுக்குப் போகும் விற்பனையாளர் செல்போனில் ஆர்டர் போடும்போதே அந்தக் கடையின் பழைய பாக்கி அவருக்குத் தெரிகிறது. ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்தே கணக்கைப் பார்த்துக்கொள்கிறார்; பைல் சுமந்து அலைய வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய பயன் பாதுகாப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்த சரக்குக்கு இன்சூரன்ஸ் கேட்கலாம். அதைக் கேட்பதற்கும் இருப்புக் கணக்கும் கொள்முதல் பில்லும் வேண்டும். அவையும் சரக்கோடு நனைந்து போனால் எதைக் காட்டுவது? பாக்கிப் பேரேடு போய்விட்டால் யாரிடம் போய் எவ்வளவு கேட்பது? மூட்டை போனால் வேறு மூட்டை வாங்கலாம்; பேரேட்டை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சேதத்திலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

எதில் கவனம் வேண்டும்?

வாடகைக் கிட்டங்கியிலும் தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே கிளவுட்டில் போட்டுவிட்டோம் என்று கைகட்டி இருக்கலாகாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இலவசமாக வரும் கணக்கு ஆப்பை மட்டும் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். யாருக்கு என்ன விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது நம் தொழில் ரகசியம். அதை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று தெரிந்தே ஒப்படைக்க வேண்டும்.

எனவே பணம் கட்டுமுன் விற்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

1. சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? எத்தனை காலம்? (72 மாதத்தை நினைவில் வையுங்கள்.)

2. முழுக் கணக்கையும் எக்செல் முதலிய பொது வடிவில் நாமே இறக்கிக்கொள்ளலாமா?

3. நகல் வேறு ஊரில் இருக்கிறதா?

4. இன்டர்நெட் நின்றால் பில் போட முடியுமா? பண்டிகை நேரத்தில் கூட்டம் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

5. முதல் வருடச் சலுகை போக, அடுத்த வருட வாடகை எவ்வளவு?

நம் பக்கத்திலும் கடமை உண்டு. முதலாளியின் பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் செல்போன் எண்ணும் முதலாளியிடமே இருக்க வேண்டும். கல்லாச் சாவியை யாரிடமும் விட்டுவிட்டுப் போவதில்லை அல்லவா? குமாஸ்தாவுக்குத் தனிப் பெயரில் நுழைவு கொடுங்கள். யார் எந்தப் பில்லைத் திருத்தினார் என்பது தெரியும். அவர் வேலையை விட்டு நின்ற அன்றே அந்த நுழைவை மூடுங்கள். வாரம் ஒரு முறை கணக்கை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.

ஒரே கல்லா, ஒரே கம்ப்யூட்டர் என்று நடத்தும் சிறிய மளிகைக் கடைக்கு இந்த வாடகை அவசியம் என்று நாம் சொல்லமாட்டோம். அன்றாடம் நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தாலே போதும். இரண்டு மூன்று இடங்களில் சரக்கும், ஊரெல்லாம் பாக்கியும் வைத்திருப்பவர்கள் வாடகைக் கணக்கையும் மிச்சமாகும் நேரத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

எங்கே வைத்தாலும் கணக்கு நம் கைக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு வழி செய்துகொண்டு இறங்குவதே வியாபாரிக்கு அழகு.