செவியே உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். நிலத்தின் வளத்தை விளைவு காட்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அமைத்து, மேடையில் எழும் சொல்லையும் இசையையும் ஆயிரக்கணக்கானோர்க்குக் கொண்டு சேர்ப்பவர் ஒலியமைப்பாளர். அவர் தம் தொழிலைச் செம்மையாகச் செய்தார் என்பதை எது காட்டும்? கருவியின் அளவு காட்டும் என்பர் சிலர்; ஓசையின் பெருக்கம் காட்டும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. கேட்போரின் செவியே அதற்கு உரைகல். அச்செவி உணர்த்தும் செய்தியை ஒலியமைப்பாளர் எவ்வாறு அறிகிறார், அறிந்து தம் பணியை எவ்வாறு திருத்திக்கொள்கிறார் என்பதை இங்குக் காண்போம்.

அவையோரை அறிதல் நம் முன்னோர் போற்றிய கலையாகும். திருவள்ளுவர் 'அவையறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, நாடக அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கோலளவால் வரையறுத்துக் கூறுகிறது. காண்போரும் கேட்போரும் இனிது துய்க்கவேண்டும் என்னும் கருத்தின்றி இத்தகைய அளவுகள் பிறந்திரா. அன்று அரங்கமைத்தோர்க்கு இருந்த பொறுப்பே இன்று ஒலியமைப்போர்க்கும் உண்டு.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் திருவிழாக்கள் நிறைந்தவை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் ஆகியவை மக்கள் திரளும் இடங்களாம். இவற்றுள்ளும் கங்கைகொண்ட சோழபுரம் தனிச்சிறப்பு வாய்ந்தது. முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த அத்திருக்கோயில் 2004ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. அம்மன்னன் பிறந்த ஆடித் திருவாதிரை நாளை ஒட்டி 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு விழா நடைபெற்றது. இறுதி நாளில் இளையராசாவின் இசை நிகழ்ச்சியும் இருந்தது.

இத்தகைய திறந்தவெளி விழாவில் ஒலியமைப்போர்க்கு எதிர்ப்படும் இடர்கள் பல. கருங்கற் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். வெட்டவெளி அதனைச் சிதறவிடும். இவற்றோடு ஆடிக் காற்றும் சேரும். காற்று வீசும் திசையில் அமர்ந்தோர்க்கு ஒலி தெளிவாகச் சென்று சேர, எதிர்த்திசையில் அமர்ந்தோர்க்கு அது தலைக்கு மேலாக வளைந்து போய்விடும். ஆதலின் மேடையருகே நின்றுகொண்டு, "நன்றாகக் கேட்கிறது" என்று முடிவு செய்தல் பேதைமை.

முதலில் கேட்போரின் உடற்குறிகளை நோக்கவேண்டும். கடைசி வரிசையினர் காதருகே கையைக் குவிக்கிறார்களா? பாய்களை முன்னோக்கி இழுக்கிறார்களா? தமக்குள் பேசத் தொடங்கிவிட்டார்களா? ஆயின் சொல் அவர்களிடம் சென்று சேரவில்லை. முன்வரிசையினர் செவியைப் பொத்துகிறார்களா? குழந்தைகள் அழுகின்றனவா? ஆயின் ஒலி மிகுந்துவிட்டது. இவற்றினும் நுட்பமான குறி ஒன்று உண்டு, அது சிரிப்பு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் நகைச்சுவை ஒன்றைக் கூறுகிறான். முன்னே இருப்போர் சிரிக்கின்றனர். பின்னே இருப்போர் வாளா இருக்கின்றனர். பின்னவர்க்குச் சுவையுணர்வு இல்லை என்பது அதன் பொருளன்று. சொல் எட்டவில்லை என்பதே பொருள். ஒருசேர எழும் சிரிப்பு, ஒலியமைப்பாளர்க்குக் கிடைக்கும் நற்சான்றிதழாகும்.

குறியைக் கண்டால் மட்டும் போதாது. அதன் காரணத்தையும் உணரவேண்டும். பின்னே அமர்ந்த முதியவர் ஒருவர், "சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை" என்கிறார் எனக் கொள்வோம். தேர்ச்சியற்றவர் உடனே ஒலியைக் கூட்டுவார். தேர்ந்தவரோ அம்முதியவர் கூற்றை ஆராய்வார். தமிழ் இலக்கணத்தில் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்துள்ளோம் அல்லவா? உயிரொலிகள் வலிமை மிக்கவை, தொலைவு செல்லக்கூடியவை. மெய்யொலிகளுள் பல மென்மையானவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிக்கூறுகள் காற்றிலும் எதிரொலியிலும் விரைவில் மறைந்துவிடுகின்றன. 'பட்டு', 'பத்து', 'பற்று' என்னும் மூன்று சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. வேற்றுமை மெய்யில்தான் உள்ளது. அம்மெய் மறைந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். முதியவர் செவிக்கு உயிர் எட்டியது; மெய் எட்டவில்லை. எல்லா ஒலியையும் கூட்டினால் எதிரொலியும் கூடுமேயன்றித் தெளிவு பிறவாது. தாழ்ந்த ஒலிகளைச் சற்றுக் குறைத்துச் சொல்லின் கூர்மையைத் துலங்கச் செய்தலும், கூட்டத்தின் இடையே சிறிய ஒலிபெருக்கிகளை நிறுத்துதலும் தக்க வழிகளாம்.

இடையே நிறுத்தும் ஒலிபெருக்கியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தொலைவில் உள்ளவரை அது அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மின்குறியோ கம்பி வழியே கணத்தில் சென்றுவிடும். ஆகவே அருகிலுள்ள பெட்டியின் ஒலி முந்தியும், மேடையின் ஒலி பிந்தியும் வந்து, ஒரே சொல் இருமுறை கேட்கும். இதனைத் தவிர்க்க, அருகிலுள்ள பெட்டிக்குச் செல்லும் மின்குறியை அக்கால அளவுக்குக் கருவியால் தாழ்த்தி அனுப்புவர். "ஒரே சொல் இரண்டாகக் கேட்கிறது" என்று சிறுவன் ஒருவன் கூறினாலும் அதனைப் புறக்கணித்தல் கூடாது. அவன் கூற்றில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது.

கேட்போர் கூறுவன எல்லாம் ஒன்றோடொன்று ஒத்திருக்கும் என எண்ணற்க. ஒலிபெருக்கியின் அருகில் இருப்பவர் "குறையுங்கள்" என்பார். தொலைவில் இருப்பவர் "கூட்டுங்கள்" என்பார். பாடுபவர் தம் குரல் தமக்குக் கேட்கவில்லை என்பார். விழாக் குழுவினரோ அடுத்த ஊருக்கும் கேட்கவேண்டும் என்பர். ஒவ்வொருவரும் தம் இருக்கையில் இருந்து உண்மையே பேசுகின்றனர். ஒலியமைப்பாளர்தாம் எல்லா இருக்கைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டியவர். அதற்குச் சிறந்த வழி நடந்து சென்று கேட்டலே.

இவ்வழிக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. மின் ஒலிபெருக்கி தோன்றாத காலம் அது. 1739ஆம் ஆண்டில் சியார்ச்சு விட்பீல்டு என்னும் சமயச் சொற்பொழிவாளர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் திறந்தவெளியில் பேசினார். பெஞ்சமின் பிராங்கிளின் கூட்டத்தின் பின்னே நின்று கேட்டார். குரல் எவ்வளவு தொலைவுக்குத் தெளிவாக எட்டுகிறது என்று அறிய விரும்பித் தெரு வழியே பின்னோக்கி நடந்தார். தெருவின் இரைச்சலில் குரல் மங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு, அத்தொலைவுக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்று கேட்கலாம் என்று கணக்கிட்டார். அவருக்குக் கருவியாக அமைந்தவை காலும் காதுமே.

கூட்டமே ஒலியை மாற்றும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்காதபடி முழக்கம் நீடித்தது. 1895ஆம் ஆண்டில் வாலசு சாபின் என்னும் ஆசிரியர் அதனை ஆராயத் தொடங்கினார். இருக்கை மெத்தைகளும் மாந்தர் உடலும் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை அளந்து காட்டினார். ஆதலின், மாலையில் மக்கள் வருமுன் வெற்றிடத்தில் செய்த சோதனை, கூட்டம் நிறைந்தபின் பொருந்தாது போகலாம். மக்கள் வந்தபின் மறுபடியும் கேட்டறிதல் வேண்டும். நெடுநேரம் பேரொலியில் இருந்த ஒலியமைப்பாளரின் செவி மழுங்கிவிடுமாதலால், புதிதாக வந்தவரிடம் வினவுதலும் அறிவுடைமையாம்.

விழாவுக்கு வாராது தம் வீட்டில் இருப்போரும் ஒருவகையில் கேட்போரே. நோயாளியும், கைக்குழந்தையும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் அவர்களுள் அடங்குவர். நிலம் குளிர்ந்த இரவில் மேலே செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைதலால், பகலில் எட்டாத ஊருக்கும் அது எட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது அவ்விதி. விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு வரை அரசு விலக்களிக்கலாம். மேலும், உட்செவியிலுள்ள நுண்ணிய உணர்மயிர் உயிரணுக்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலி நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி அளவு 100 டெசிபலைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. வலிக்கிறது என்று கூறத் தெரியாத குழந்தைக்காகவும் ஒலியமைப்பாளரே எண்ணவேண்டும்.

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து சுழன்றால் ஊளை பிறக்கும். இதனைப் பின்னூட்டம் என்பர். கேட்போர் கூறும் கருத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. முன்னது நிகழ்ச்சியைக் கெடுக்கும். பின்னது அதனைத் திருத்தும்.

விழா முடிந்து வீடு திரும்புவோர், "பாட்டின் பொருள் நெஞ்சை உருக்கியது" என்று பேசிச் செல்வர். ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவரும் பேசார். அதுவே ஒலியமைப்பாளர்க்கு உயர்ந்த பாராட்டாகும். நெடுந்தொலைவு நடந்து வந்து, கடைசியில் இடம் பெற்ற மூதாட்டியும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு மகிழ்ந்தாள் என்றால், அவர் தொழில் நிறைவெய்தியது. மாணவர்களே, வகுப்பில் ஒரு பாடலை ஒப்புவிக்கும்போதும் கடைசி இருக்கையில் உள்ள தோழனை நோக்குங்கள். அவன் முகம் மலர்ந்தால் உங்கள் சொல் சென்று சேர்ந்தது என்று அறியலாம்.