வேலைச் சப்பாத்து மலைக்குக் காணுமா?

நோபல் பார்க் தட்டையான ஊர். ஆனால் வானம் வெளித்த நாளில் வடகிழக்கே பார்த்தால் டண்டினோங் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். காரில் ஏறினால் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் அடிவாரம். இவ்வளவு பக்கத்தில் மலை இருந்தும், அங்கே காலில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று எங்களில் பலர் யோசிப்பதில்லை. அப்பர் ஃபெர்ன்ட்ரீ கலியில் இருக்கிற 'தௌசண்ட் ஸ்டெப்ஸ்' படிகளைப் பாருங்கள். கடைக்குப் போட்ட செருப்பு, ஒஃபிசுக்குப் போட்ட தோல் சப்பாத்து, பக்டரிக்குப் போட்ட இரும்பு முனைச் சப்பாத்து என்று எல்லாமே அங்கே மலை ஏறும்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். "ஊரில வெறுங்காலோட சிவனொளிபாதமலை ஏறின ஆக்கள் நாங்கள், இதென்ன பெரிய மலையே?"

அது உண்மைதான். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு வெறுங்காலிலும் செருப்பிலும் வயது போனவர்கள்கூட ஏறுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் வெறுங்காலில் ஏறுகிற சனமும் இருக்கிறது. ஆனால் நல்லதண்ணிப் பாதையில் பெரும்பகுதி படிக்கட்டு. பருவ காலத்தில் இரவு முழுக்க வெளிச்சம், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை, விழுந்தால் தூக்கிவிட முன்னும் பின்னும் ஆட்கள். இன்னொன்று, அந்தக் கால் சின்ன வயதிலிருந்தே மண்ணிலும் கல்லிலும் நடந்து இறுகின கால். இங்கே இருபது வருடம் காலுறைக்குள்ளேயும் கார்ப்பெட்டிலும் இருந்த கால் அதே கால் இல்லை. விக்டோரியாவின் உயர்மலைப் பாதைகளில் தேத்தண்ணிக் கடையும் இல்லை. பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை.

கால் சுளுக்கினால் என்ன நட்டம்?

நோபல் பார்க்கிலும் டண்டினோங்கிலும் இருக்கிற எங்கட சனத்தில் நிறையப் பேர் நின்று செய்கிற வேலையில் இருக்கிறார்கள். டண்டினோங் சவுத் பக்டரி, கிடங்கு, வயோதிபர் இல்லம், கடைச் சமையலறை. கஷுவலாக வேலை செய்கிறவருக்குச் சம்பளத்தோடு சுகவீன விடுமுறை கிடையாது. கணுக்கால் சுளுக்கி இரண்டு கிழமை வீட்டில் இருந்தால் இரண்டு கிழமைச் சம்பளம் போனதுதான்.

அம்புலன்ஸ் செலவும் இருக்கிறது. அதை மெடிகெயார் கட்டாது. ஓய்வூதிய அட்டை, ஹெல்த் கெயார் கார்ட் போன்ற சலுகை அட்டைகள் இல்லாதவர்கள் அம்புலன்ஸ் விக்டோரியாவில் அங்கத்தவராக வேண்டும், அல்லது காப்புறுதியில் அது சேர்ந்திருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்து நிற்கிற அப்பா அம்மாவின் நிலை இன்னும் சிக்கல். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. பயணக் காப்புறுதி இல்லாமல் அவர்களின் கால் முறிந்தால் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில்தான். இதையெல்லாம் கணக்குப் பார்த்தால், பாதைக்குப் பொருந்துகிற சப்பாத்துக்குப் போகிற காசு பெரிதாகத் தெரியாது.

எந்த மலைக்கு எது?

எல்லா மலைக்கும் உயரமான பூட்ஸ் தேவை என்றில்லை. தௌசண்ட் ஸ்டெப்ஸ் போல படி கட்டின, தெளிவான பாதைக்கு அடி தேயாத நல்ல ஓட்டச் சப்பாத்தே போதும். ஆனால் மழை பெய்தால் அந்தப் படிகள் வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்து வழுவழுப்பான பழைய ரன்னர்ஸ் அன்றைக்கு உதவாது.

கிராம்பியன்ஸ் மணற்கல் பாறைகளுக்கும் வில்சன்ஸ் புரொமொன்டரி போன்ற இடங்களின் ஒருநாள் நடைக்கும், மலைநடைக்கென்று செய்த தாழ்ந்த சப்பாத்து சரி. கதீட்ரல் ரேஞ்ச் பாறை முகடுகளுக்கு இறுக்கமான அடியும் முனையில் ரப்பர்க் காப்பும் வேண்டும். மவுண்ட் ஃபெதர்டொப் (1,922 மீற்றர்), விக்டோரியாவிலேயே உயரமான மவுண்ட் பொகொங் (1,986 மீற்றர்) போன்றவற்றில் முதுகில் பாரத்தோடு இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் கணுக்காலை மூடுகிற, அடி எளிதில் முறுகாத பூட்ஸ் எடுங்கள். அங்கே கோடையிலும் பனி விழலாம்.

உயரமான பூட்ஸ் போட்டால் சுளுக்காது என்று நினைக்கவும் வேண்டாம். அது கணுக்கால் எலும்பைக் கல்லிலிருந்து காக்கும், பாரத்தோடு நடக்கையில் தாங்கல் தரும். ஆனால் அளவு பிழையான உயர்ந்த பூட்ஸைவிட அளவு சரியான தாழ்ந்த சப்பாத்து நல்லது.

அடியில் இருக்கிற ஆழமான பல்லுகளுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1935இல் இத்தாலிய அல்ப்ஸில் புன்டா ராசிக்கா மலையில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் காலிலணிகள் குளிருக்கும் பனிக்கும் பொருத்தமற்றவையாக இருந்தது ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. அந்தக் குழுவோடு போயிருந்த விட்டாலே பிரமானி என்பவர் 1937இல் பல்லு வைத்த ரப்பர் அடியை உருவாக்கினார். இன்று பல பூட்ஸ்களின் அடியில் காண்கிற 'விப்ரம்' என்ற பெயர் அவருடைய பெயரின் சுருக்கம்தான்.

இரும்பு முனையை வீட்டில் விடுங்கள்

"வேலைக்கு எடுத்த சேஃப்டி பூட்ஸ் நல்ல பாரமா, உறுதியா இருக்கு, அது காணாதா?" இந்தக் கேள்வி எங்கட பக்கம் அடிக்கடி வரும். காணாது. அந்தப் பூட்ஸ் செய்யப்பட்ட நோக்கமே வேறு. ஏ.எஸ் 2210.3 தரப்படி அதன் முனை 200 ஜூல் தாக்கத்தைத் தாங்க வேண்டும். மேலிருந்து பெட்டி விழுந்தால் விரல் நசியக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. மலையில் இறங்கும்போது பெட்டி விழாது, உங்கள் விரல்தான் முன்னுக்குப் போய் அந்த இரும்பில் இடிக்கும். ஆயிரக்கணக்கான தடவை இடித்தால் நகம் கறுத்துக் கழன்றுவிடும். பாரமும் அதிகம், குளிரில் இரும்பு சில்லென்று ஏறும். கொங்கிரீட் தரைக்குச் செய்த அடி, ஈரக் களிமண்ணைக் கவ்வும் என்றும் நிச்சயமில்லை.

கடையில் செய்ய வேண்டியது

பின்னேரம் போங்கள். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகிற காலுறையையே கொண்டுபோங்கள். அது பருத்தியாக இல்லாமல் கம்பளிக் கலப்பாக இருந்தால் நல்லது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போட வைக்கும்.

லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் போக வேண்டும். பிறகு இறுக்கிக் கட்டி நடவுங்கள். குதி மேலே கழன்று வரக்கூடாது. கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முனையில் இடிக்கக்கூடாது. இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு எடுங்கள். ஆங்கில அளவில் 8 என்பது ஆண்களுக்கான அமெரிக்க அளவில் 9 அளவுக்கு வரும், ஒன்லைனில் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்களின் கால் முன்பக்கம் அகன்றிருப்பது வழக்கம். அதற்கு ஒரு அளவு கூட்டி எடுக்கக்கூடாது, குதி ஆடும். அகலமான அச்சில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். "போடப் போட இளகும்" என்று கடைக்காரர் சொன்னாலும், இறுக்கமான விரல் பகுதியை நம்ப வேண்டாம்.

நீர் புகாத கோர்-டெக்ஸ் வகை, பனிக்காலத்துக்கும் ஈரக் காட்டுக்கும் நல்லது. கோடையில் வேர்க்கும். மேல்வாயால் தண்ணீர் போனால் காய நேரம் எடுக்கும். கோடையில் மட்டும் நடக்கிறவருக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு விடயத்தில் மிகக் கவனம். நரம்பு மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் போட்டது தெரியாது. இரவு காலுறையைக் கழற்றும்போதுதான் புண் தெரியும். புதுச் சப்பாத்தோடு நீண்ட நடை போகாமல், வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டுப் பழகுங்கள். ஒவ்வொரு தடவையும் பாதத்தைப் பாருங்கள். குடும்ப வைத்தியர் நாட்பட்ட நோய்த் திட்டம் எழுதிக் கொடுத்தால், வருடத்துக்கு ஐந்து தடவை வரை பாத மருத்துவர் போன்றவர்களிடம் மெடிகெயார் உதவியோடு போகலாம். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

பிள்ளைகளின் காம்ப்

இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடக் காம்ப், டியூக் ஒஃப் எடின்பரோ விருது என்று மலைக்குப் போகிறார்கள். பட்டியலில் 'ஹைக்கிங் பூட்ஸ்' என்றிருக்கும். ஞாயிறு பின்னேரம் வாங்கித் திங்கள் காலை பஸ் ஏற்றிவிடுவது நடக்கிற காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டாம் நாள் நடக்க முடியாமல் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நொண்டும். வெட்கத்தில் வீட்டில் சொல்லவும் மாட்டாது. குறைந்தது இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே வாங்கிப் போட்டுப் பழக விடுங்கள். "வளருற கால்" என்று இரண்டு அளவு கூட்டி எடுக்கவும் வேண்டாம். காசு கஷ்டம் என்றால், என்ன பாதை, என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நல்ல ரன்னர்ஸே போதும் என்று அவர்கள் சொல்லவும் கூடும்.

இரவல் வாங்குவதிலும் கவனம் வேண்டும். பல பூட்ஸ்களின் நடு அடி பொலியூரிதேன். அது ஈரப்பதத்தால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் கராஜில் வைத்திருந்தாலும்தான். வெளியே புதிது போல இருக்கும், மலையில் பாதி வழியில் அடி கழன்று விழும். மச்சானின் பூட்ஸோ, ஒப்-ஷொப்பில் எடுத்ததோ, முதலில் கையால் வளைத்து நடு அடியை அமத்திப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ பொடி உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள்.

சேற்றையும் கொண்டுவராதீர்கள்

விக்டோரியாவின் சில பாதைகளின் வாசலில் சப்பாத்துத் தேய்க்கிற தூரிகை வைத்திருப்பார்கள். அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பைடோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி, சப்பாத்தில் ஒட்டின சேற்றோடு பரவும். 1922இல் சுமாத்திராவில் கறுவா மரத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். புரொமொன்டரியிலும் கிராம்பியன்ஸிலும் புல்மரங்களைக் கொல்லுகிறது. டிசம்பர் லீவில் ஊருக்குப் போய் சிவனொளிபாதமலை ஏறி வருகிறவர்களும் சப்பாத்தைக் கழுவிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் மெல்பேர்ண் விமான நிலையத்தில் அட்டையில் அறிவிக்க வேண்டியது கட்டாயம்.

150 டொலரிலிருந்து 400 டொலர் வரைக்கும் பூட்ஸ் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை தௌசண்ட் ஸ்டெப்ஸ் போகிறவர் 400 டொலர் கொடுக்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருநாள் பனி பார்க்கப் போகிற குடும்பம் வாங்கவே தேவையில்லை. லேக் மவுண்டன் போன்ற இடங்களில் அன்றைக்கு மட்டும் பனிச் சப்பாத்து வாடகைக்கு எடுக்கலாம். முதலில் போகிற பாதையைப் பாருங்கள், பிறகு உங்கள் காலைப் பாருங்கள், விலையை அதுக்குப் பிறகு பார்க்கலாம்.